நனைந்த மிளகும் எடை காட்டும்

ராமுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. அவ்விடம் க்ஷேமம் என்று நீ சொல்வதை நான் நம்பவும் இல்லை. நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சருக்குப் போன் பண்ணி, "அம்மாட்ட சொல்லுங்கோ, அப்புக்கு எடை கொஞ்சம்கூடக் குறையலை, மூஞ்சிகூட நன்னா உப்பலா இருக்கு, கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்கோ" என்றாயாம். டீச்சர் சிரித்த முகமாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை, நெஞ்சில் சீழ் எடுக்கக் குழாய் போட்டிருக்கிறது, குழந்தை வாயைத் திறந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அப்படியிருக்க எடை மட்டும் எப்படியடா குறையாமல் நிற்கும்? நீ ஆறுதலுக்குச் சொன்னாய். எனக்கு அந்த ஒரு வார்த்தையில்தான் பயம் வந்தது.

நேரில் வந்து சொல்லியிருப்பேன். நீதான் வராதே என்று சொல்லிவிட்டாயே. "அம்மா, நீ வந்தா யாரோடயாவது சண்டை போடுவே, அப்புறம் என்னையும் உள்ள விடமாட்டா" என்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாய். ஜெயா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் சொல்லித்தான் நீ சொன்னாய் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். போகட்டும். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் போதும், பாட்டி எதற்கு. ஆனால் காகிதம் சண்டை போடாதே. அப்பா நாளைக் காலை அக்கரைக்கு வருகிற முதல் போட்டில் இதைக் கொண்டுவருவார், உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன். ஜெயாவும் படிக்கட்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் படியுங்கள்.

நான் சந்தேகப் பிராணி என்பது மட்டாஞ்சேரி முழுக்கத் தெரிந்த விஷயம். பால்காரன் நிற்கும்போதே பாலில் விரலை முக்கிப் பார்ப்பேன். ரேஷன் கடைக்காரன் தராசைத் தொட்டால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். எறணாகுளம் பிராட்வேயில் புடவை எடுத்தால் கடைக்காரன் மடித்துக் கட்டின பிறகு பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்வேன். உனக்கு மானம் போகும், நீ நாலு கடை தள்ளிப் போய் நிற்பாய். உன் கல்யாணத்தின்போது உன் அப்பா சம்பந்தி வீட்டார் எல்லோரையும் கூட்டிவைத்துக்கொண்டு, "எங்காத்துக்காரி ஒரு சரடுக்காக ஆஸ்பத்திரில நர்ஸோட சண்டை போட்டவ" என்று கதை சொன்னாரே, நீயும் விழுந்து விழுந்து சிரித்தாயே, அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

உன் கூடப் பிறந்த லலிதாவுக்கு டைபாய்டு வந்தது எமர்ஜென்சி முடிந்த வருஷம். அவளுக்கு ஆறு வயசு. உன்னைத் தொத்திக்கொள்ளுமோ என்று திருப்பூணித்துறைக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் நீ எதையும் பார்க்கவில்லை. காய்ச்சல்காரக் குழந்தைக்குக் கஞ்சித்தண்ணி தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று தெருவே சொன்னது. பால் கொடுத்தால் மாந்தம், பருப்பு கொடுத்தால் குடல் தாங்காது, நெய் கண்ணிலேயே காட்டாதே. நானும் காய்ச்சல் விடும் விடும் என்று உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியையே கொடுத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, ஒரே ஒரு பப்படம்" என்று குழந்தை கேட்டாள். கூடாது என்றேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் அந்தக் கஞ்சித்தண்ணியை மட்டும் சந்தேகப்படவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஒரு நாள் அவள் வயிறு பலகை மாதிரி ஆகி, முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அக்கரைக்கு எறணாகுளத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரி என்று இப்போது வேண்டாம். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்லி அன்றைக்கே வயிற்றைக் கிழித்தார்கள். அப்புறம் தீவிர சிகிச்சை என்று பலகை மாட்டின ஓர் அறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தக் காலத்தில் இப்போது அப்பு கிடக்கிற இடத்தில் இருப்பதுபோலப் பெட்டி பெட்டியாக மிஷின் எல்லாம் கிடையாது. நாலைந்து கட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டர், மேலே தொங்குகிற குளுக்கோஸ் பாட்டில். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஒருத்தர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கதவையே பார்க்க வேண்டியதுதான்.

அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்து எனக்கு என்னவெல்லாம் தோன்றியது தெரியுமா? பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணி என்று தோன்றியது. நாங்கள் வாங்கிக் கொடுத்த மருந்தை வேறு குழந்தைக்குப் போடுகிறார்கள் என்று தோன்றியது. பெரிய டாக்டர் என்னைக் கண்டால் வேகமாக நடக்கிறார், ஏதோ மறைக்கிறார் என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தையைப் பட்டினி போட்டே கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியது. கேட்டால், "குடல் ஆறணும், அதுவரை வாய்வழியா ஒண்ணும் இல்லை" என்றார்கள். உன் அப்பாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஏனென்றால் எடை. தினமும் காலையில் நர்ஸ் லலிதாவைத் தூக்கிக்கொண்டு மிஷினில் ஏறி நின்று, தன் எடையைக் கழித்துக் குழந்தை எடையைக் குறித்துவைப்பாள். கதவு திறந்ததும் உன் அப்பா கேட்பது அது ஒன்றுதான். "குறையலை" என்றால் போதும். கொச்சங்காடியில் மிளகுக் கிடங்குக்கு வேலைக்குப் போய், "எடை அப்படியே நிக்கறது, பகவான் காப்பாத்திட்டான்" என்று எல்லோரிடமும் சொல்வார். நீ டீச்சரிடம் சொன்னதும் அதே குரல்தான்.

அந்த நர்ஸ் பேர் ஏலியாம்மா. கறுப்பாக, உயரமாக, சிரிக்கவே தெரியாதவள் போல இருப்பாள். அவளைக் கண்டால் எனக்கு ஆகவில்லை. ஆபரேஷன் முடிந்த அன்று நான் கோவிலில் ஜபித்து வாங்கின கறுப்புச் சரடை லலிதாவின் வலது புஜத்தில் கட்டியிருந்தேன். கட்டும்போதே அவள் முகத்தைச் சுளித்தாள். அழுக்குச் சேரும் என்று சொன்னாள். அவள் கழுத்தில் சிலுவை தொங்கியது. எனக்கு அது போதாதா? இவளுக்கு நம் சாமி சரடு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அதனால் உள்ளே போகிறபோதெல்லாம் குழந்தை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சரடைப் பார்ப்பேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் புஜத்தில் இருந்த சரடு நழுவி முழங்கைக்கு வந்து கிடக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "சிஸ்டர், நீங்கதானே இதை அவிழ்த்துட்டு லூசா கட்டினது?" என்றேன். அவள் ஊசி மருந்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஞானோ? எனக்கெந்தினா சேச்சி உங்க சரடு? இவிடே எனக்கு வேற பணியில்லையா?" என்றாள், எனக்கெதற்கு அக்கா உங்கள் சரடு என்று மலையாளமும் தமிழுமாக. நானே மறுபடி இறுக்கிக் கட்டினேன். சில நாள் கழித்து மறுபடி முழங்கையில். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். "சாமி சரடைத் தொடறவ கையால எங்க குழந்தைக்கு ஊசி வேண்டாம்" என்றுகூடச் சொன்னேன். உன் அப்பா வாசலில் நின்று கையைக் கூப்பி, "போதும்டீ, வாயை மூடு" என்று கெஞ்சினார். உங்கள் கதை இங்கேதான் முடிகிறது. இங்கேதான் எல்லோரும் சிரிப்பீர்கள்.

ஏலியாம்மா அழவில்லை. திருப்பித் திட்டவும் இல்லை. அவளும் என் ஜாதிதான், யாரையும் நம்பாத ஜாதி. நானே சரடைத் தளர்த்திவிட்டு அவள்மேல் பழிபோடுகிறேன் என்று நினைத்தாளாம். பின்னால் அவளே சொன்னாள். விறுவிறுவென்று வந்து சரடை அவிழ்த்தாள். "இனி ஞான் கெட்டும். சேச்சி நல்லா நோக்கிக்கோ" என்று சொல்லித் தானே இறுக்கிக் கட்டி, என் விரலைப் பிடித்துச் சரடுக்கு அடியில் விட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒரு விரல்கூட நுழையவில்லை. ஆபரேஷனில் தையல் போடும் முடிச்சாம் அது, அப்படி ஒன்று போட்டாள். முடிச்சின்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி அதில் பேனாவால் கையெழுத்தும் போட்டாள். "இது ஆரு அழிச்சாலும் எனக்கு அறியாம்" என்றாள், யார் அவிழ்த்தாலும் தனக்குத் தெரிந்துவிடும் என்று. நானும் விடவில்லை. என் பங்குக்கு அந்தப் பிளாஸ்திரியில் ஒரு கோடு கிழித்துவைத்தேன்.

அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காவல் காத்தோம். நான் உள்ளே போனால் அவள் என் கையையே பார்ப்பாள். அவள் மருந்து கொடுத்தால் நான் அவள் கையையே பார்ப்பேன். லலிதா முகம் உப்பிக்கொண்டே வந்தது. கன்னம் பளபளவென்று இருந்தது. உன் அப்பா, "பாத்தியோ, சதை போட்டிருக்கா" என்றார். அன்றைக்கும் எடை குறையவில்லை. மறு வாரம் ஒரு காலையில் கதவு திறந்ததும் ஏலியாம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் வெளுத்திருந்தது. சரடு முழங்கையில் கிடந்தது. பிளாஸ்திரி ஒட்டினபடி இருந்தது, அவள் கையெழுத்து இருந்தது, என் கோடும் இருந்தது. "கெட்டு அழிஞ்சிட்டில்லா சேச்சி. ஞானும் தொடலை, நீங்களும் தொடலை. கையாணு மெலிஞ்சு போயது" என்றாள். முடிச்சு அவிழவே இல்லை, கைதான் மெலிந்துவிட்டது.

அவள் லலிதாவின் போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. ஈர மாவில் விரல் வைத்த மாதிரி. "ஈ எடை முழுவன் நீராணு" என்றாள், எல்லாம் தண்ணி என்று. கதவோரம் நின்றிருந்த உன் அப்பாவை நான் திரும்பிப் பார்த்தேன். மனுஷர் இருபது வருஷமாகக் கிடங்கில் மிளகு பார்க்கிறவர். தண்ணி தெளித்துக் கனமாக்கிக் கொண்டுவருகிற மூட்டையைத் தராசில் ஏற்றுவதற்கு முன்னாலேயே கையை உள்ளே விட்டு, "நனைச்சிருக்கான், திருப்பி அனுப்பு" என்று சொல்கிறவர். தராசை நம்பினால் முதலாளிக்கு நஷ்டம் என்று எனக்கே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "ஏண்ணா, மிளகு மூட்டைக்குள்ள கையை விட்டுப் பாப்பேளே, நம்ம குழந்தையை ஒரு தரம் தொட்டுப் பாத்தேளா? இது நனைச்ச மூட்டைண்ணா" என்றேன். அவர் உள்ளே வந்து, மூட்டைக்குள் விடுகிற அதே கையால் குழந்தையின் காலை அழுத்திப் பார்த்தார். இந்த இடத்தை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. நீயும் அவரிடம் கேட்காதே.

ஏலியாம்மா அந்தச் சரடைக் காட்டிப் பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் மதராஸில் படித்தவர், தமிழ் பேசுவார். லலிதாவின் புஜத்தைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். அப்புறம் என்னை விட்டு வேகமாக நடக்காமல், முதல்முறையாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, வயித்துக்குள்ள சீழ் பிடிச்சதால உடம்பு முழுக்க அழற்சி இருக்கு. உள்ள ஒரு அடுப்பு நிக்காம எரியற மாதிரி வெச்சுக்கோங்க. நாம விறகு போடலைன்னா அது வீட்டு உத்தரத்தையே பிடுங்கி எரிக்கும். இவ சதையை அதுதான் தின்னுட்டிருக்கு. இவ ஆஸ்பத்திரிக்கு வரும்போதே மெலிஞ்சுதான் வந்தா. ரத்தத்துல சத்து குறைஞ்சதனால தண்ணி வெளியில கசிஞ்சு தங்கிடறது, அதான் வீக்கம். அதான் எடை குறையலை" என்றார். பாட்டிலில் போவது உயிரைப் பிடித்துவைக்கத்தான் போதும், சதை வளர்க்கப் போதாது என்றார். இந்த அழற்சி இருக்கிறவரைக்கும் எவ்வளவு கொடுத்தாலும் சதை கொஞ்சம் கரையத்தான் கரையும், ஆனால் கொடுக்காமல் விட்டால் புண் ஆறாது, அடுத்த காய்ச்சலைத் தாங்கவும் தெம்பிருக்காது என்றார். ஒளிக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்கு இருந்த சந்தேகத்தில் பாதி அன்றைக்குத்தான் போயிற்று. மீதியை நான் வைத்துக்கொண்டேன்.

வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துக் குடல் அசைகிறது என்று தெரிந்ததும், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு ஆகாரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஸ்பூன் கணக்கில்தான். ஒரேயடியாகக் கொட்டினால் அதுவே ஆபத்தாம். ஏலியாம்மா அடுத்த அறையில் எதையோ கலக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவருவாள். சிரிஞ்சைக் குழாயில் மாட்டி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கவிடுவாள். கை வலித்தாலும் தாழ்த்தமாட்டாள்.

இப்போது நான் சொல்லப்போவதை நீ உன் அப்பாவிடம் சொல்லக் கூடாது. ஜெயாவுக்குத் தெரியலாம். அந்த முதல் நாள் அவள் கிண்ணத்தோடு என்னைத் தாண்டிப் போனபோதே எனக்கு வாசனை வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் முட்டை உடைத்தால் எனக்கு இங்கே தெரியும், என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியாதா? பால், சர்க்கரை, எண்ணெய், நடுவில் முட்டை. சந்தேகமே இல்லை. நம் ஆத்தில் தலைமுறை தலைமுறையாக வாசல்படி தாண்டாத வஸ்து. உன் அப்பா வெங்காயம் அரிந்த கத்தியைக்கூடத் தனியாக வைக்கச் சொல்கிறவர். அவர் என் பின்னால் நின்று, "என்ன கொடுக்கறான்னு கேளு" என்றார். நான் கேட்டேன். "சிஸ்டர், இதுல என்ன இருக்கு?" ஏலியாம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. "பாலாணு சேச்சி" என்றாள்.

ராமு, சரடுக்குக் கூப்பாடு போட்ட நான் அங்கே என்ன செய்திருக்க வேண்டும்? கிண்ணத்தைப் பிடுங்கி முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் உன் அப்பாவிடம் திரும்பி, "பால்தானாம்" என்றேன். அவர் நிம்மதியாகக் கிடங்குக்குப் போனார். அதற்கப்புறம் வேளாவேளைக்கு அந்தக் கிண்ணம் என் மூக்குக்கு முன்னால் போயிற்று. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சாமியைத்தான் கும்பிடுகிறேன் என்று அவர் நினைத்தார். அந்தக் கிண்ணத்தை ஏந்தின கையைத்தான் கும்பிட்டேன்.

முதலில் வீக்கம் வடிந்தது. எடை விழுந்தது. உன் அப்பா கதிகலங்கிப் போனார். ஏலியாம்மா, "விழட்டும், நீரல்லே போறது" என்றாள், தண்ணிதானே போகிறது என்று. முகம் சுருங்கி, விலா எலும்பு தெரிந்து, அப்போதுதான் என் குழந்தை எவ்வளவு இளைத்திருந்தாள் என்று கண்ணால் கண்டேன். அழுதேன். பிறகு எடை மெல்ல ஏற ஆரம்பித்தது. இந்தத் தடவை சரடும் கூடவே இறுகிற்று. ஒரு நாள் புஜத்தில் பதிந்துவிட்டது என்று ஏலியாம்மா கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, என்னிடம் அனுமதி கேட்டு வெட்டினாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன். எனக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. வீட்டிலிருந்து நேந்திரங்காய் உப்பேரி வறுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வெளிச்செண்ண புதியதாணோ?" என்று கேட்டாள், தேங்காயெண்ணெய் புதுசுதானா என்று. என்னையே சந்தேகப்பட்டாள், பாரேன்!

லலிதா இப்போது கோயமுத்தூரில் இரண்டு குழந்தைகளை மிரட்டிக்கொண்டு இருக்கிறாள். இது அவள் கதை. உனக்கு எதற்குச் சொல்கிறேன்? நான் பார்த்தது சரி, பழி போட்டதுதான் தப்பு. சரடு நழுவியிருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தால் சில நாள் முன்னாடியே குழந்தைக்கு ஆகாரம் கிடைத்திருக்கும். யார் அவிழ்த்தது என்று கேட்டுக்கொண்டு நின்றேன். நீ அந்தத் தப்பைச் செய்யாதே. ஆனால் என்னைப் பார்த்துப் பயந்து, அங்கே வாயே திறக்காத சாதுவாகவும் இருந்துவிடாதே. நல்லா இருக்கான் என்று யார் சொன்னாலும், தொட்டுப் பார். டாக்டர் உட்காருகிற வரைக்கும் நில்லு. "இவனுக்கு என்ன ஆகாரம் போறது, போதுமா?" என்று கேளு. இப்போது கை நரம்பு வழியாகவே ஆகாரம் ஏற்றுகிற பாட்டில் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளில் வந்திருக்கிறது என்று டீச்சர் சொல்கிறாள். எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும், கேளு. ஒருவேளை எல்லாம் சரியாகத்தான் செய்துகொண்டிருப்பார்கள். இருந்தால் இந்தக் கிழவிக்குப் பைத்தியம் என்று சொல்லிச் சிரி, எனக்குச் சந்தோஷம்தான்.

காகிதத்தோடு ஒரு கறுப்புச் சரடு வைத்திருக்கிறேன். கோவிலுக்குப் போகவில்லை, ஜபிக்கவில்லை, கடையில் வாங்கினதுதான். வெந்நீரில் போட்டு எடுத்து உலர்த்தியிருக்கிறேன். கட்ட விடமாட்டார்கள் என்றால் கட்டாதே. அங்கே இருக்கிற சிஸ்டரிடம் நயமாகச் சொல்லி, அப்புவின் புஜத்தைச் சுற்றி ஒரு தரம் அளந்து, அளவு வந்த இடத்தில் முடிச்சுப் போட்டுவை. சில நாள் கழித்து மறுபடி அள. ஜெயாவைச் செய்யச் சொல்லு, அவளுக்குக் கை நடுங்காது. அவளை நான் நம்புகிறேன் என்று சொல்லு.

இன்னொன்று. அப்பா இதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். குழந்தைக்கு ஆகாரமாக என்ன கொடுக்கிறார்கள் என்று கண்டிப்பாகக் கேட்பார். அங்கே என்ன கலக்குகிறார்களோ, எந்தக் கிண்ணத்தில் கொண்டுவருகிறார்களோ, போதுமா என்று மட்டும் கேளு; எதில் பண்ணினது என்று பார்க்காதே, முகராதே, யாரையும் கேட்காதே. பால் என்று சொல்லிவிடு. நான் கேட்டாலும் பால் என்றே சொல்லு. நான் நம்புவேன்.

அம்மா